அக்கா, இந்த வண்டியை உன் பேரில் எழுதிக்கொள்

ஹால்வர் ஏரிக்கரை, மினசோட்டா
மார்ச் மாதம், வியாழக்கிழமை

அன்பும் மரியாதையும் உள்ள ஆர்டிஸ் அக்காவுக்கு,

தம்பி லோவல் எழுதிக்கொண்டது. இங்கே நானும் மார்லிஸும் பிரிட்டாவும் சுகம். அங்கே உன் சுகத்தையும், அத்தானின் முழங்கால் சுகத்தையும், அரிசோனா வெயிலில் நீ நட்டு வைத்த எலுமிச்சையின் சுகத்தையும் அறிய ஆவல். சுகம் என்று எழுதியது ஒரு மரியாதைக்குத்தான். நான் நிம்மதியாகச் சாப்பிட்டுத் தூங்கி இரண்டு மாதமாகிறது. பதறாதே, யாருக்கும் உடம்புக்கு ஒன்றுமில்லை. எனக்கு ஒரு புத்தம் புது பிக்கப் வண்டி பரிசாக விழுந்துவிட்டது, அதுதான் சங்கதி.

பிரிட்டா கல்லூரிகளுக்கு மனுப் போட்டது உனக்குத் தெரியும். அதில் அவள் உயிரை வைத்திருப்பது கிழக்கே மலைப்பக்கம் இருக்கும் ஒரு லிபரல் ஆர்ட்ஸ் கல்லூரி. "அங்க போய் என்னம்மா படிக்கப் போறே?" என்று கேட்டேன். "எல்லாம் கொஞ்சம் கொஞ்சம் படிப்பேன்ப்பா. என்ன படிக்கிறதுன்னு முடிவு பண்ணவே ரெண்டு வருஷம் குடுப்பாங்க" என்றாள். நான் பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறவன். எங்கே போகிறோம் என்று தெரியாமல் ஒருநாளும் வண்டியை எடுத்ததில்லை. நூறு பேர் கேட்டால் பத்துப் பேரைக்கூட எடுக்காத இடமாம் அது. எடுத்துவிட்டால் நம்மால் முடிந்ததை மட்டும் வாங்கிக்கொண்டு மிச்சத்தை அவர்களே போட்டுவிடுவார்களாம். நம்மால் எவ்வளவு முடியும் என்பதை நாம் சொல்லக் கூடாது, அவர்கள் சொல்வார்கள். உதவித்தொகை முழுசாகக் கிடைத்தால் பக்கத்தில் டுலூத்தில் படிக்க வைப்பதைவிடச் செலவு குறைவு. கிடைக்காவிட்டால் வீட்டை விற்றாலும் இரண்டாம் வருஷம் தாண்டாது. இதற்கு நடுவே ஒன்றுமே கிடையாது, அக்கா. அதனால் நானும் மார்லிஸும் சமையலறை மேஜையில் உட்கார்ந்து அவர்கள் கேட்டதற்கெல்லாம் பயபக்தியோடு பதில் போட்டோம். சேமிப்பு இல்லை, பண்ணை இல்லை, பங்கு இல்லை, படகு இல்லை. வாழ்க்கையில் முதல் தடவையாக நம்மிடம் ஒன்றுமில்லாதது ஒரு காரியத்துக்கு உதவுகிறது என்று மார்லிஸ் சொன்னாள். அன்றைக்கு நன்றாகத் தூங்கினேன்.

அதற்கு அடுத்த சனிக்கிழமைதான் தீயணைப்புப் படைக்குப் பணம் சேர்க்க உறைந்த ஏரி மேல் வருஷா வருஷம் நடத்தும் ஐஸ் மீன்பிடிப் போட்டி. சீட்டு வாங்குவது ஊர்க்கடமை, மீன் பிடிக்க வேண்டும் என்று கட்டாயமில்லை. இத்தனை வருஷத்தில் எனக்கு அங்கே சளிதான் பிடித்திருக்கிறது. இந்தத் தடவை ஐஸில் துளை போட்டு, தூண்டிலை இறக்கி, வாளியைக் கவிழ்த்து உட்கார்ந்து, மார்லிஸ் கொடுத்த காப்பியைத் திறப்பதற்குள் ஏதோ இழுத்தது. மேலே வந்தது பார், அப்படியொரு மீனை நான் படத்தில்கூடப் பார்த்ததில்லை. அது வாயைத் திறந்து என்னைப் பார்க்கிறது, எனக்கோ அந்தக் கல்லூரிக்காரர்களின் கேள்விதான் காதில் கேட்கிறது: வாகனங்கள் உண்டா, எந்த வருஷத்தது. ஏனென்றால் எல்லாவற்றிலும் பெரிய மீனுக்கு முதல் பரிசு அந்தப் பிக்கப் வண்டி. கரையில் ரிப்பன் கட்டி நிற்கிறது. சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு மீனைத் தலைகீழாகத் துளைக்குள் திரும்ப இறக்க ஆரம்பித்தேன். அந்த நேரம் பார்த்துப் பக்கத்து வீட்டு டூயேன் வந்துவிட்டான்.

"லோவல், என்னய்யா பண்றே?"

"சின்ன மீன்தான் டூயேன். பாவம், விட்டுடலாம்."

"இதுவா சின்னது? எங்க வீட்டு நாயை விடப் பெருசா இருக்கு. கையை எடுய்யா."

என் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டு எடை போடும் கூடாரத்துக்கு ஓடியே போய்விட்டான். போட்டி முடிய இன்னும் நேரம் இருந்தது. நான் ஒவ்வொரு துளையாகப் போய், இன்னும் கொஞ்சம் ஆழத்தில் போட்டுப் பாருங்கள் என்று சொல்லி, என் புழுக்களை எல்லாம் எல்லோருக்கும் பங்கு போட்டுக் கொடுத்து, யாராவது இதைவிடப் பெரிதாகப் பிடிக்க வேண்டுமே என்று வேண்டிக்கொண்டேன். ஒருத்தனுக்கும் விழவில்லை. பாதிரியார் என் தோளைத் தட்டி, "உங்க ஜெபம் வீண் போகல லோவல்" என்றார். நான் எதற்கு ஜெபித்தேன் என்று அவரிடம் எப்படிச் சொல்வது.

வேண்டாம் என்று சொல்லியிருக்கலாமே என்பாய். சொல்லிப் பார்த்தேன். "ஏன், எங்க பரிசு உனக்குப் பத்தலையோ?" என்றார் தீயணைப்புப் படைத்தலைவர். விற்றுவிடலாமே என்பாய். விற்றால் பணம் பாங்கில் நிற்கும், பாங்கில் என்ன நிற்கிறது என்பதைத்தான் அவர்கள் முதலில் கேட்கிறார்கள். இதற்கு மேல் ஊர்ப் பத்திரிகையில் முதல் பக்கத்தில் போட்டோ வேறு. ஒரு கையில் மீன், ஒரு கையில் சாவி. பயத்தில் என் பல் வெளியே தெரிந்தது சிரிப்பு மாதிரி விழுந்திருக்கிறது. கல்லூரிக்காரர்கள் கண்ணில் பட்டால் என்ன ஆவது என்று கடையில் இருந்த பத்திரிகை அத்தனையையும் வாங்கிவிட்டேன். கடைக்கார லவான் சில்லறையைக் கொடுத்துவிட்டு, "போட்டோ நல்லாத்தான் விழுந்திருக்கு. அதுக்காக ஊருக்கு ஒண்ணுகூட மிச்சம் வைக்காம எடுத்துக்கறதா?" என்றாள். நம் ஊரைப் பற்றி உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. திருடினவனை மன்னித்துவிடுவார்கள், தன்னைப் பெரிதாக நினைக்கிறவனை மன்னிக்க மாட்டார்கள். அந்த ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்தில் எங்கள் பெஞ்சில் யாரும் உட்காரவில்லை.

இதோடு போயிருந்தால் பரவாயில்லை. அந்தக் கல்லூரியில் படித்த திருமதி ப்ரூஸ்டர் என்று ஒரு பெரியம்மா ஏரிக்கு அந்தப்புறம் இருக்கிறார். கல்லூரி சார்பாகப் பிரிட்டாவிடம் பேசிப் பார்க்க வருவதாகச் சொல்லியனுப்பினார். காப்பிக் கடையில் பேசுவதாக இருந்தது, பனிப்புயலில் அது மூடிக் கிடந்ததால் வீட்டுக்கே வருகிறேன் என்றார். வாசலில் வண்டி பளபளவென்று நிற்கிறது. ஊரில் எல்லோரும் வண்டி மேலிருந்து பனியை வழித்துக் கீழே தள்ளுகிற நேரத்தில், நான் தரையிலிருந்து வழித்து வழித்து வண்டி மேல் போட்டேன். முடித்தபோது சின்ன மலை மாதிரி இருந்தது. திருமதி ப்ரூஸ்டர் வந்தார், மலையைப் பார்த்தார், "உங்க பக்கம் பனி ஜாஸ்தி போலிருக்கே" என்று சொல்லி உள்ளே போனார். நான் சமையலறைச் சுவரில் காதை வைத்து நின்றேன். பிரிட்டா என்னமாய்ப் பேசினாள் அக்கா. அந்த அம்மா இரண்டு தடவை வாய்விட்டுச் சிரித்தார். பிழைத்தோம் என்று நினைத்தேன். கிளம்பும்போது அவருடைய சின்னக் கார் வழுக்கிப் பள்ளத்தில் இறங்கிவிட்டது. உடனே டூயேன் வந்து நிற்கிறான்.

"புது வண்டியை எடுத்து ஒரு இழு இழுக்க வேண்டியதுதானே லோவல். எங்க அது?"

"எது?"

"மீனுக்கு வந்ததுய்யா." மலையைச் சுற்றி வந்து ஒரு இடத்தில் கையை விட்டுக் கதவுப் பிடியைக் கண்டுபிடித்துவிட்டான். "அடப்பாவி, இருக்கிற பனியை எல்லாம் வண்டி மேலயே கொட்டி வச்சிருக்கியே."

மூன்று பேருமாகத் தோண்டினோம். அந்த அம்மாவும் ஒரு மண்வாரியைக் கேட்டு வாங்கிக்கொண்டார். தோண்டத் தோண்டப் புதுக் கதவு பளபளவென்று வெளியே வந்தது. தாங்காமல் மீனிலிருந்து பத்திரிகை வரைக்கும் எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். "இது எங்க வண்டிதாம்மா, ஆனா எங்களுது இல்ல" என்றேன். அவர் மூக்கிலிருந்த பனியைத் துடைத்துக்கொண்டு, "நான் காசு பக்கமே போறதில்லைங்க. உங்க பொண்ணு எப்படின்னு எழுதறது மட்டும்தான் என் வேலை" என்றார். "எப்படின்னு எழுதுவீங்க?" என்று கேட்டேன். "இன்னும் யோசிக்கல" என்றார். புது வண்டியில் கட்டி அவர் காரைப் பள்ளத்திலிருந்து இழுத்து விட்டதும் எடுத்துக்கொண்டு போய்விட்டார். பிரிட்டா கதவருகில் நின்று எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தாள். அழவில்லை, சத்தம் போடவில்லை. "நான் எவ்வளவு நல்லா பேசினேன் தெரியுமாப்பா" என்று மட்டும் சொன்னாள்.

அந்த ஒரு வார்த்தைக்குப் பிறகு எனக்குச் சோறு இறங்கவில்லை. கோழியும் நூடுல்ஸும் போட்டு மார்லிஸ் செய்கிற ஹாட்டிஷ்கூட இறங்கவில்லை என்றால் பார்த்துக்கொள். அவள் நாலு வருஷமாகக் கஷ்டப்பட்டுப் படித்ததெல்லாம் ஒரு மீனால் போய்விடுமோ என்று பயமாக இருக்கிறது. மீனால் இல்லை, என்னால் போய்விடுமோ என்று. பதில் அடுத்த வாரம் வருமாம். ஆகையால் அக்கா, நீ உடனே விமானம் ஏறி வா. வண்டியை உன் பேருக்கு மாற்றித் தருகிறேன், அரிசோனாவுக்கே ஓட்டிக்கொண்டு போய்விடு. பெட்ரோல் செலவு என்னுடையது. யாராவது கேட்டால் தம்பி பாசத்தில் கொடுத்தான் என்று சொல். ஊரில் நம்ப மாட்டார்கள், பரவாயில்லை.

கர்த்தர் உன் வீட்டுக்கு நிழலையும் எங்கள் வீட்டுக்கு ஒரு நல்ல செய்தியையும் தரட்டும். அத்தானுக்கு என் வணக்கம். முழங்காலுக்கு மார்லிஸின் விசாரிப்பு.

என்றும் உன் தம்பி,
லோவல்

பி.கு.: வர வேண்டாம். கடிதத்தை மேஜையில் வைத்துவிட்டு உறை தேடப் போனேன், அதற்குள் பிரிட்டா படித்துவிட்டாள். "அப்பா, என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே. வண்டி கிடைச்ச அன்னிக்கு சாயங்காலமே நான் கல்லூரிக்கு எழுதிட்டேன். இந்த வருஷ வருமானத்தை அவங்க இப்ப பாக்கவே மாட்டாங்க. போன வருஷத்துக்கும் முந்தின வருஷத்தைத்தான் பாப்பாங்க. பரிசெல்லாம் என் மூணாவது வருஷத்துலதான் கணக்குக்கு வரும்" என்றாள். உடனே நான் மூன்றாவது வருஷத்தை நினைத்துப் பயப்பட ஆரம்பித்தேன். அவள் அதற்கு இடம் கொடுக்காமல் கம்ப்யூட்டரை என் பக்கம் திருப்பினாள். சொன்ன நாளைக்கு முன்பே பதில் வந்துவிட்டது. எடுத்துக்கொண்டார்கள். உதவித்தொகையும் ஏறக்குறைய முழுசாக. நான் பஸ்ஸை விட்டுவிட்டு வந்து இதை எழுதி முடிக்கட்டும் என்று மத்தியானத்திலிருந்து யாரிடமும் சொல்லாமல் காத்திருந்திருக்கிறாள். இல்லை என்று வந்தால் அவளுக்கு என்ன சொல்வது என்று தினமும் பஸ்ஸில் எனக்குள் சொல்லிப் பார்த்து வைத்திருந்தேன், அக்கா. சரி என்று வந்தால் என்ன சொல்வது என்று ஒன்றும் யோசித்து வைக்கவில்லை. "சரி, நல்லது" என்றேன். "அவ்வளவுதானாப்பா?" என்றாள். வண்டிக்காக நீ வர வேண்டாம். ஆகஸ்ட் கடைசியில் அவளைக் கொண்டுபோய் விட்டுவிட்டு நானும் மார்லிஸும் மட்டும் வீட்டுக்குத் திரும்புவோம். அன்றைக்கு வா.