பாக்குத் துப்பாக்கியும் ஓடாத மாப்பிள்ளையும்

சும்மா இருந்து கெட்டுப்போன ஆளை நான் இதுவரை பார்த்ததில்லை. ‘அதெல்லாம் நான் பார்த்துக்கொள்கிறேன்’ என்று சொல்லிக் கெட்டுப்போன ஆளைத் தினமும் பார்க்கிறேன், முகம் மழிக்கும்போது கண்ணாடியில்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபதுகளில் ரங்கூனில் நான் ஒரு அரிசி ஆலையில் பிட்டருக்குக் கையாளாக இருந்தேன். வேலை என்னவோ ஸ்பானரை எடுத்துக் கொடுப்பதுதான். ஆனால் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு போட்டாதாங் தெருவில் நான் நடந்து வருவதைப் பார்த்தால், ஆலையின் எஞ்சினே என் அனுமதி கேட்டுத்தான் மூச்சு விடுகிறது என்று நினைப்பீர்கள். (நான் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.)

எங்கள் முருகன் கோயிலில் விஜயதசமியன்று சாமி வேட்டைக்குப் புறப்படுவார். குதிரை வாகனத்தில் தெருமுனை வரைக்கும் வருவார். அங்கே நட்டு வைத்திருக்கும் வாழைமரத்தின் மேல் குருக்கள் அம்பு போடுவார். குருக்களுக்கு வயதாகிவிட்டது. முந்தைய வருஷம் அவர் விட்ட அம்பு வாழைமரத்துக்குப் பாதி வழியில் களைத்துப்போய்க் கீழே உட்கார்ந்துவிட்டது. திருவிழாவை நடத்துகிற சங்கிலி மேஸ்திரி அதைச் சொல்லி வருத்தப்பட்டபோது, கூட்டத்தில் என் வாய் திறந்தது.

“மேஸ்திரிண்ணே, டிராம் ஓடுற ஊருல இன்னும் என்னண்ணே அம்பு? சாமிக்கு ஒரு துப்பாக்கி செஞ்சிடுவோம். அதெல்லாம் நான் பாத்துக்கிறேன்.”

“துப்பாக்கியா? டேய் சிதம்பரம், போலீசு புடிச்சா லைசென்ஸ் கேப்பான்டா!”

“மருந்து இல்லண்ணே, குண்டு இல்ல. ஸ்பிரிங்கு தள்ளும், கொட்டைப்பாக்கு பாயும். பாக்குக்கு எவன் லைசென்ஸ் கேப்பான்?”

நான் அன்று வாயைத் திறந்ததற்கு வேறொரு காரணம் இருந்தது. அந்தத் தெருமுனையில், வாழைமரம் நடுகிற இடத்துக்கு நேர் எதிரே, டோ மியா என்ற பர்மிய அம்மாள் மண்பானைக் கடை வைத்திருந்தாள். அவள் புருஷன் தஞ்சாவூர்ப் பக்கத்துத் தமிழர், டிராம் ஓட்டினவர், காலமாகிவிட்டார். மகள் மா சேன். தமிழும் பர்மியமும் அவள் வாயில் ஒன்றோடொன்று சண்டை போடாமல் குடித்தனம் நடத்தும். அவள் பானையைத் தட்டிப் பார்த்து விற்கிற அழகுக்காகவே, பொங்கக்கூடத் தெரியாத நான், சமைக்காத பானைகளை என் அறையில் அடுக்கி வைத்திருந்தேன்.

மேஸ்திரியை விட்டுப் பெண் கேட்டிருந்தேன். டோ மியா முடியாது என்று சொல்லவில்லை. “பாக்கிறேன்” என்று மட்டும் சொல்லியிருந்தாள். அவளுக்கு ஒரே ஒரு பயம். அவள் தங்கையைக் கட்டின தமிழர் ஒருவர், ‘ஊரில் அம்மாவைப் பார்த்துவிட்டு வருகிறேன்’ என்று கப்பலேறியவர் திரும்பவே இல்லை. அந்தத் தங்கை கப்பல் வருகிற நாளெல்லாம் துறைமுகத்தில் போய் நிற்பாளாம். “எனக்குக் கெட்டிக்காரன் வேணாம், மேஸ்திரி. ஓடாதவன் வேணும்” என்று டோ மியா சொன்னதாக மேஸ்திரி வந்து சொன்னார்.

எனக்கு அது காதில் விழுந்ததே தவிர மண்டையில் ஏறவில்லை. அவள் கடை வாசலில் வைத்து ஒரே சுடு சுட்டு வாழைமரத்தைச் சாய்த்துவிட்டால், ‘ஆகா, மாப்பிள்ளை!’ என்று அந்த இடத்திலேயே சம்மதித்துவிடுவாள் என்று கணக்குப் போட்டேன்.

பழைய இரும்புக் கடையில் ஒரு பித்தளைக் குழாய் கிடைத்தது. அதுதான் குழல். ஒரு பிய்ந்துபோன சோபாவின் வயிற்றிலிருந்து ஸ்பிரிங் எடுத்தேன். தேக்குப் பலகையில் கட்டையைச் செதுக்கி, குழல் உட்காரப் பள்ளமும் எடுத்தேன். கடையில் பார்க்கும்போது அளவாக இருந்த குழல், வீட்டுக்கு வந்ததும் பள்ளத்தில் உட்கார மாட்டேன் என்றது. ரங்கூன் மழைக்காலம் தெரியுமல்லவா? எங்கள் அறைக் கதவே சாத்தினால் திறக்காது. கட்டையும் ஊறிப் பருத்துவிட்டது. இழைத்தேன். மறுபடி இழைத்தேன். குழல் உட்கார்ந்தது. ஈரம் போகட்டும் என்று அடுப்புக்கு மேலே பரணில் காயப் போட்டேன். கட்டை காய்ந்தபோது பள்ளம் பாதாளமாகிவிட்டது. குழல் அதில் பல் விழுந்த கிழவர் மாதிரி கடகடவென்று ஆடியது. சணலைத் தாரில் தோய்த்துச் சுற்றி இறுக்கினேன். ஆட்டம் நின்றது. என் கையில் தார் மட்டும் தீபாவளி வரை போகவில்லை.

அடுத்த வம்பு பாக்கு. குழலுக்கு மேலே ஒரு மூங்கில் குழாய் வைத்து, அதிலிருந்து பாக்கு ஒவ்வொன்றாக இறங்குகிற மாதிரி ஏற்பாடு. ஆனால் ரங்கூன் பாக்குக்கு வரிசையில் நிற்கிற பழக்கம் கிடையாது. ஒரு சமயம் ஒன்றும் இறங்காது. ஒரு சமயம் இரண்டு சேர்ந்து வந்து, கல்யாண வீட்டு வாசலில் முதலில் யார் நுழைவது என்று நிற்கிற சம்பந்திகள் மாதிரி ஒன்றையொன்று இடித்துக்கொண்டு நிற்கும். குச்சியை விட்டுக் குத்தினேன், குச்சியும் மாட்டிக்கொண்டது. கடைசியில் ஒரு இரும்பு வளையம் வழியாகப் பாக்குகளை விட்டுப் பார்த்து, ஒரே பருமனாக உள்ளவற்றை மட்டும் பொறுக்கி, எண்ணெய் தடவிப் போட்டேன். டப்! எதிர்ச் சுவரில் காரை பெயர்ந்தது. மறுபடி டப்! மறுபடி காரை. பக்கத்து அறைக்காரர் பர்மியத்தில் என் பரம்பரையை விசாரித்தார்.

துப்பாக்கி தயார். அந்தப் பொழுதோடு நான் சும்மா இருந்திருக்கலாம்.

மறுநாள் ஆயுத பூஜை. ஸ்பானர், சுத்தியல், ரம்பம் எல்லாவற்றையும் துடைத்து வைத்தேன். நடுநாயகமாகத் துப்பாக்கி. மற்றவைக்கெல்லாம் ஒரு பொட்டு. ஆனால் சாமி கையாளப் போகிற ஆயுதமல்லவா இது? சந்தனத்தைக் குழைத்துக் குழைத்து அப்பினேன். கட்டையில் பட்டை. குழலின் வாயைச் சுற்றி ஒரு பூச்சு. மூங்கில் குழாயின் மேல்வாயில் ஒரு கொத்துச் சந்தனம், நடுவில் குங்குமம். வாய் இருக்கிறதே என்று வாய்க்குள்ளும் ஒரு விரல் விட்டேன். பக்தி தலைக்கேறினால் அளவு தெரியுமா? பூஜையில் வைத்ததை அன்று தொடக்கூடாது. மறுநாள் புனர்பூஜை முடிந்த பிறகுதான் எடுக்க வேண்டும். ஆகவே நான் பயபக்தியோடு தூங்கப் போனேன். சந்தனமும் பயபக்தியோடு காய்ந்து கல்லானது.

விஜயதசமி சாயங்காலம். சலவை வேட்டி, நெற்றி நிறைய விபூதி, தோளில் துப்பாக்கி. எனக்கே என்னைப் பார்த்து மரியாதை வந்தது. நாதஸ்வரம் முன்னே போக, சாமி குதிரை வாகனத்தோடு சகடை வண்டியில் ஏறித் தெருமுனைக்கு வந்தார். தெரு கொள்ளாத கூட்டம். சீனர், சூலியா முஸ்லிம்கள், பர்மியர் எல்லாரும் வேடிக்கை. டோ மியா பானை அடுக்குகளுக்கு நடுவே வெற்றிலைப் பெட்டியோடு உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் மா சேன், தலையில் பூ.

குருக்கள் நாலு திசைக்கும் அம்பு போட்டுவிட்டு, “இனிமே உம்ம நாட்டாமை” என்று முணுமுணுத்து ஒதுங்கினார். நான் முன்னால் வந்தேன். கட்டையைத் தொடையில் ஊன்றி, பிடியை இழுத்து ஸ்பிரிங்கை ஏற்றினேன். வழக்கத்தைவிடச் சற்றுக் கனமாக ஏறியது. (இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.) தவில்காரர் உருட்டி உச்சத்துக்குக் கொண்டுபோனார். குறி பார்த்தேன். விசையை அழுத்தினேன்.

ஒன்றும் நடக்கவில்லை.

தவில்காரர் நல்லவர். மறுபடி முதலிலிருந்து உருட்டினார். மறுபடி அழுத்தினேன். துப்பாக்கி எனக்குப் பெப்பே காட்டியது. கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள். மேஸ்திரி பல்லைக் கடித்துக்கொண்டு, “சுடுறா” என்றார். “சுட்டுக்கிட்டுத்தாண்ணே இருக்கேன்” என்றேன். என்னவென்று பார்க்கத் துப்பாக்கியைச் சாய்த்துப் பிடித்து, கட்டையில் ஓங்கி ஒரு தட்டுத் தட்டினேன்.

டமார்!

குழல் சாய்ந்திருந்த பக்கம் வாழைமரம் இல்லை. குழலை அடைத்திருந்த சந்தனக் கட்டியும் பாக்குமாகச் சேர்ந்து பாய்ந்து, டோ மியாவின் பானை அடுக்கில் அடிப்பானை எதுவோ அதையே தேடிப் பிடித்து அடித்தது. மேலே இருந்த பானைகள் ஒரு கணம் யோசித்தன. பிறகு மொத்தமாக இறங்கி வந்தன. அந்தச் சத்தத்தில் எவனோ, “சுட்டுட்டான்டோய்!” என்று அலறினான். அவ்வளவுதான். நாதஸ்வரக்காரர் ஒரு பக்கம், குருக்கள் ஒரு பக்கம். சகடை இழுத்தவர்கள் கயிற்றைப் போட்டுவிட்டுக் கம்பி நீட்டினார்கள். கண்மூடித் திறப்பதற்குள் தெருவில் மிச்சம் இருந்தது முருகனும் வாழைமரமும் நானும்தான்.

நானும் ஓடத்தான் பார்த்தேன். சத்தியமாகச் சொல்கிறேன், எல்லாரையும்விட எனக்குத்தான் அதிக அவசரம். ஒரு அடி எடுத்து வைத்தேன். வேட்டி வரவில்லை. ஸ்பிரிங்கை ஏற்றும்போது என் புது வேட்டியின் ஓரத்தையும் சேர்த்து ஏற்றியிருக்கிறேன். ஸ்பிரிங் பாய்ந்தபோது அதை உள்ளே இழுத்துக் கவ்விக்கொண்டுவிட்டது. இன்னொரு அடி எடுத்தால் வேட்டி அங்கேயும் நான் இங்கேயும் என்று ஆகும். இழுத்தேன். துப்பாக்கி காலுக்குள் மாட்டி, முட்டி போட்டு, இரண்டு கையையும் முன்னால் ஊன்றித் தரையில் விழுந்தேன். தலை நிமிர்ந்தால் எதிரே டோ மியா.

பர்மியர்கள் பெரியவர்களை அப்படித்தான் கும்பிடுவார்கள். முழங்கால் மடித்து, கைகளைத் தரையில் ஊன்றி, தலை தாழ்த்தி. எனக்கு அது அப்போது நினைவில்லை. அவளுக்கு வேறு எதுவும் நினைவில்லை போலிருக்கிறது.

“அமே” என்றேன். அம்மா என்று அர்த்தம்.

அவள் உடைந்த பானை ஓட்டுக் குவியலைப் பார்த்தாள். காலியான தெருவைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். வெற்றிலையை ஒரு பக்கம் ஒதுக்கிக்கொண்டு மெதுவாகச் சொன்னாள்.

“எல்லாரும் ஓடிடுச்சு. மேஸ்திரியும் ஓடிடுச்சு. இந்தப் பையன் மட்டும் ஓடலே.”

நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் மா சேன் ஓட்டுச் சில்லு பொறுக்குகிற சாக்கில் என் அருகே வந்து குந்தினாள். துப்பாக்கியைப் பார்த்தாள், வேட்டியைப் பார்த்தாள். அம்மாவின் வெற்றிலைப் பெட்டியிலிருந்து பாக்குவெட்டியை எப்போது எடுத்தாளோ தெரியாது. நறுக்கென்று ஒரு சத்தம். கால் விடுதலையானது.

“எந்திரிங்க” என்றாள் உதட்டை அசைக்காமல். “இப்ப ஓடிடாதீங்க.”

ஓடவில்லை. மறுநாள் காலையில் பானைப் படகு துறைக்கு வந்தபோது இறக்கிக் கொடுக்கப் போனேன். அதற்கடுத்த படகுக்கும் போனேன். தை மாதம் அதே முருகன் சந்நிதியில் எங்களுக்குக் கல்யாணம். மேஸ்திரிதான் தாலி எடுத்துக் கொடுத்தார். அவரை விஜயதசமியன்று ஒரு பெரிய தண்ணீர் ஜாடிக்குப் பின்னாலிருந்து கண்டெடுத்தோம் என்பதைக் கல்யாணப் பந்தலில் யாரும் பேசவில்லை. (சாப்பாடு முடிந்த பிறகு பேசினார்கள்.)

மா சேன் இந்த ரகசியத்தை எங்கள் மூத்த மகள் பிறக்கிறவரை அவள் அம்மாவிடமிருந்து காப்பாற்றினாள். பிறகு ஒருநாள், குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு, எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள். நான் கதவுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு கேட்டேன். டோ மியா வெற்றிலை எச்சில் தெறிக்கச் சிரித்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அப்புறம் சொன்னாள்: “மாட்டிக்கிட்டுத்தான் நின்னுச்சா? இருக்கட்டும். என் தங்கச்சி புருஷன் வேட்டியை எவளாச்சும் இப்படிப் புடிச்சிருந்தா நல்லா இருந்திருக்கும்.”

அந்த வார்த்தையை நான் மறக்கவே இல்லை. வாழைமரத்தைக் குறிபார்த்துச் சாய்த்திருந்தால் எனக்கு ஒரு கைதட்டல் கிடைத்திருக்கும், அவ்வளவுதான். அடைத்துக்கொண்ட சந்தனத்துக்கும், கவ்விப் பிடித்த சோபா ஸ்பிரிங்குக்கும், அதைக் கண்டும் காணாததுபோல் நறுக்கிய கைக்கும் நான் கடைசிவரை நன்றியுள்ளவன். ஒருமுறை என் தங்கையைப் பார்க்க ஊருக்குப் போனேன். மாமியார் துறைமுகம்வரை வந்தாள். கப்பல் திரும்பி வந்த அன்றும் அங்கேயே நின்றிருந்தாள். என்னைப் பார்த்ததும் என் வேட்டி ஓரத்தைப் பிடித்து ஒரு இழுப்பு இழுத்துவிட்டு முன்னால் நடந்தாள்.

இப்போது ஆயுத பூஜைக்கு எங்கள் வீட்டில் என் ஸ்பானர் ஓரமாகத்தான் இருக்கும். நடுவில் அந்தப் பாக்குவெட்டி. பிள்ளைகள் எல்லாருக்கும் பொட்டு வைக்க உரிமை உண்டு. நான் கை நீட்டினால் மட்டும் மா சேன் சந்தனக் கிண்ணத்தைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்விடுவாள்.