சித்தையன்கோட்டைப் பக்கம் கடல் வந்த விவரம்

சுற்றுச்சூழல் அறிவியல் படித்தால் என்னென்ன வேலை கிடைக்கும் என்று கல்லூரி வாசலில் பேனர் கட்டியிருப்பார்கள். விஞ்ஞானி, வன அதிகாரி, ஐ.நா. சபை ஆலோசகர் என்று போய், கடைசியில் 'இன்னும் பல' என்று முடியும். வடமதுரை கஸ்பார் வாத்தியார் மகள் ரீனாவுக்குக் கிடைத்தது அந்த 'இன்னும் பல'.

திண்டுக்கல்லில் ஒரு ஜெராக்ஸ் கடை மாடியில் ஆலோசனை நிறுவனம். தொழிற்சாலை கட்டுகிறவர்கள், அதனால் மண்ணுக்கும் தண்ணீருக்கும் கேடு வராது என்று அரசாங்கத்துக்கு அறிக்கை கொடுத்தாக வேண்டும். அதை எழுதிக் கொடுப்பதே நிறுவனத்தின் திருப்பணி. முதலாளி பெயர் ராயப்பராஜ்.

சித்தையன்கோட்டைப் பக்கம் இருக்கிற எங்கள் ஊருக்கு ஒரு சாயப்பட்டறை வருவதாக இருந்தது. ரீனா ஒரு மாதம் வெயிலில் அலைந்தாள். வெங்காயம் போடுகிற நல்லுசாமியின் கிணறு முதற்கொண்டு எல்லாக் கிணற்றிலும் பாட்டிலில் தண்ணீர் பிடித்துச் சோதித்தாள். நாற்பது பக்கம் எழுதினாள். சாயக் கழிவு இறங்கினால் கிணறுகள் கெடும் என்றும் எழுதினாள்.

ராயப்பராஜ் அதைப் படிக்கவில்லை. கையில் வைத்து எடை பார்த்தார்.

"என்னம்மா இது, கல்யாணப் பத்திரிகை கணக்கா இருக்கு?"

"எல்லாமே நேர்ல எடுத்த அளவு சார்."

"நானூறு பக்கத்துக்குக் கம்மியா இருந்தா ஆபீஸ்ல ஒருத்தனும் தொடமாட்டான். போன வருசம் கடற்கரையில ஒரு ரிப்போர்ட் பண்ணோம்ல, அத எடு. ஊர்ப் பேர மட்டும் மாத்து. அந்தக் கிணறு சமாச்சாரத்த எடுத்துரு."

"அதுல கடல் வருது சார்."

"வந்துட்டுப் போகட்டும். யாரு படிக்கப்போறா?"

ரீனா மாற்றினாள். கம்ப்யூட்டருக்கு அது ஒரு நிமிஷ வேலை. சுற்றுச்சூழல் வல்லுநர் என்ற இடத்தில் கையெழுத்தும் போட்டாள். அறிக்கை தகுந்த பரிசீலனைக்குப் பின் ஏற்கப்பட்டது. அதன்படி எங்கள் ஊருக்குக் கிழக்கே ஐந்நூறு மீட்டரில் கடல் இருந்தது. எங்கள் முதன்மைத் தொழில் மீன்பிடித்தல். மாசியில் ஆமைகள் கரையேறி எங்களிடம் முட்டையிட்டன.

பட்டறை ஓடத் தொடங்கி எட்டாம் மாதம் நல்லுசாமியின் கிணறு உப்புக் கரித்தது. வெங்காயத் தாள் கருகியது. அவர் மனுவோடு கிளம்பியபோது, சேதி கேட்டு ரீனாவும் கூடவே போனாள். மாசுக் கட்டுப்பாட்டு அதிகாரி பழனிக்குமார் கோப்பைத் திறந்தார்.

"கடல இம்புட்டுப் பக்கத்துல வச்சுக்கிட்டு, தண்ணி உப்புக் கரிக்குதுன்னா எப்படி?"

நல்லுசாமி திரும்பிப் பார்த்தார். "எந்தக் கடல்?"

"உங்க ஊருக்குக் கிழக்க இருக்கிற கடல். இருநூத்திப் பன்னெண்டாம் பக்கம்."

"கெழக்க எங்க சித்தப்பா தென்னந்தோப்புல்ல இருக்கு."

"கடலுக்கு முன்னாடியா, பின்னாடியா?"

ரீனா குறுக்கிட்டாள். "சார், அங்க கடலே இல்ல. தப்பு என்னோடது."

"நீங்க யாரு?"

"இதுல கையெழுத்துப் போட்டவ."

"கடல் இருக்குன்னு வல்லுநர் எழுதிக் குடுத்தத, நீங்க வந்து இல்லைன்னா எப்படி ஏத்துக்கிறது?"

"அந்த வல்லுநரே நான்தான் சார்."

"அது அப்போ. இப்போ நீங்க மனுதாரர் கூட வந்தவங்க."

"ஒரு நடை வந்து பாருங்க சார்," என்றார் நல்லுசாமி.

"கடலோரத்துல ஆய்வு செய்ய எனக்கு அதிகாரம் இல்லய்யா. அதுக்குத் தனி ஆபீஸ். அவங்க கடல் இல்லாத மாவட்டத்துக்கு வரமாட்டாங்க." பழனிக்குமார் இரக்கமுள்ளவர். செத்த நேரம் யோசித்தார். "ஒண்ணு பண்ணலாம். ஊர்ல கருத்துக் கேட்புக் கூட்டம் போடுவோம். கடல் வேண்டாம்னு சனங்க சொன்னா எடுத்துரலாம். கடல் போயிட்டா, உப்பு எங்கருந்து வந்துச்சுன்னு பட்டறையத்தான் கேக்கணும். பூட்டக்கூடச் செய்யலாம்."

ரீனா அங்கேயே திருத்தக் கடிதம் எழுதிக் கொடுத்தாள். மறுநாள் அவளுக்கு வேலை போயிற்று. பழைய நாற்பது பக்கத்தைக் கையில் வைத்துக்கொண்டு எங்கள் ஊரில் வீடு வீடாக ஏறினாள். எல்லோரும் தலையாட்டினோம்.

கூட்டத்துக்குத் தேதி குறிப்பதற்குள், எங்கள் அறிக்கை இன்னோர் அலுவலகத்துக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது. அவர்களும் படித்திருக்கிறார்கள். சித்திரையில் எங்கள் ஊர்க் குடும்பங்கள் அனைத்துக்கும் மீன்பிடித் தடைக்கால நிவாரணம் வந்தது. அரசு ஆணைக்குக் கட்டுப்பட்டு இரண்டு மாதம் நாங்கள் கடலுக்குப் போகக் கூடாது. நாங்களும் போகவில்லை.

ஆனியில் கூட்டம். பந்தல், வடை, டீ எல்லாம் இருந்தது. ரீனா நல்லுசாமி கிணற்றுத் தண்ணீரை ஒரு பாட்டிலில் பிடித்து மேசைமேல் வைத்தாள். செம்மண் கரைத்த மாதிரி இருந்தது. பழனிக்குமார் எழுந்தார்.

"கடல் வேண்டாம் என்று கருதுவோர் கையை உயர்த்தவும்."

மளிகைக்கடை பொன்னழகு எழுந்தார். "ஏம்மா, கடல் போயிட்டா அந்தப் பணம்?"

"வராதுண்ணே. ஆனா கிணறு திரும்பக் கிடைக்கும்."

"எப்போ?"

"பட்டறைய நிறுத்தி, நாலஞ்சு மழைக்காலம் போகணும்."

"இங்க ஒரு மழைக்கே வழியக் காணோம்," என்று பொன்னழகு உட்கார்ந்துவிட்டார்.

மொத்தப் பந்தலிலும் ஒரே ஒரு கைதான் உயர்ந்தது. நல்லுசாமியுடையது. பக்கத்தில் இருந்த மகள் ஜீவிதா அவர் சட்டையைப் பிடித்து இழுத்தாள்.

"அப்பா, கைய எறக்குங்க. மீனவர் மகள்னு எழுதித்தான் காலேஜுல சீட்டு வாங்கியிருக்கு."

நல்லுசாமி பாட்டிலைப் பார்த்தார். மகளைப் பார்த்தார். கை, தூக்கினதைவிட மெதுவாக இறங்கியது. கடல் ஏகமனதாக நீடிப்பதாகப் பழனிக்குமார் குறித்துக்கொண்டார்.

கூட்டம் கலைந்து ரீனா பஸ்ஸுக்கு நின்றபோது, ஆத்தூர்ப் பக்கத்துக்காரர்கள் நாலு பேர் வந்தார்கள்.

"தாயி, எங்க ஊருக்கும் ஒரு கடல் எழுதிக் குடு. அணை ஏற்கெனவே இருக்கு. கொஞ்சம் பெருசா எழுதினாப் போதும்."

"நான் அந்த வேலையில இல்லண்ணே."

"அதான் தெரியும். சும்மாதான இருக்க?"

பஸ் வந்து நின்றது. ரீனா ஏறவில்லை. பையிலிருந்து பேனாவை எடுத்தாள்.

"எத்தனை மீட்டர்ல வேணும்?"