காத்தோங்கில் துரு தேடிய படலம்

வாழ்க இயேசுதாசனார்! சிங்கப்பூர்த் தோ பாயோவின் வீவக அடுக்குமாடிகளுள் மேகம் உரசும் தளத்தில் வீற்றிருப்பவர். துறைமுகத்துப் பாரந்தூக்கியின் உச்சியில் அமர்ந்து, கடல்பல தாண்டி வந்த இரும்புப் பெட்டிகளை இட்லி எடுத்து வைப்பதுபோல் எடுத்து வைக்கும் கைத்திறத்தார். ஞாயிறு பூசையில் முதல் வரிசையையும், பூசை முடிந்த பசியாறலில் கடைசிப் பரோட்டாவையும் எவருக்கும் விட்டுக்கொடாத மானத்தார். அன்னார் ஒரு பழைய காரில் துரு இருக்கிறதா என்று பார்க்கப் போன வரலாற்றைச் சொல்லப் புகுகின்றோம். கேட்போர் கைத்தொலைபேசியைச் சற்றே கவிழ்த்து வைப்பார்களாக.

இளமையில் சிராங்கூன் சாலையோரம் பேருந்துக்காகக் காத்து நின்ற வேளை, இருவர் மட்டுமே அமரத்தக்க, கூரை மடங்கும், மூக்கு நீண்ட பச்சைநிறப் பந்தயக் கார் ஒன்று தம்மைக் கடந்து போகக் கண்ட நாள்முதல், அவ்வீரர் நெஞ்சில் வேறெந்த வாகனமும் குடிபுகவில்லை. அதே குலத்தில் உதித்த கார் ஒன்று கிழக்குக் கரையோரக் காத்தோங்கில் விலைக்கு நிற்கிறது என்னும் செய்தி இணையத்தின் வழியே வந்து எட்டியதும், அவருக்கு உண்ட சோறு உடம்பில் ஒட்டவில்லை. கண்ட கனவெல்லாம் பச்சையாயின. விற்பவர் ரத்னவேலனார் என்னும் பெரியவர். தாழ்ந்த அந்த இருக்கையில் அமர்ந்துவிட்டால் எழுந்து வர முழங்கால் ஒத்துழையாமையால், ஆண்டாண்டு காலம் ஓட்டி மகிழ்ந்த வண்டியை அரை மனத்தோடு விற்கத் துணிந்திருந்தார்.

எத்துணைப் பெரிய வீரருக்கும் வீட்டில் ஓர் அரசவை உண்டன்றோ! இவர் அவையின் தலைவி மதலேனா அம்மையார். முன்பொருமுறை இவர் ஆசைப்பட்டு வாங்கிய பழைய வண்டியின் புகைக்குழாய், சம்பந்தி வீட்டார் பின்னிருக்கையில் அமர்ந்திருக்கையில், விரைவுச்சாலையின் நடுவே தனியே இறங்கிச் சென்ற சரித்திரத்தை அம்மையார் மறந்தாரில்லை, பிறரை மறக்கவிட்டாருமில்லை. ஆதலின் அவர், குளிர்பதனப் பெட்டியின் கதவில் மின்கட்டண ரசீதைத் தாங்கி நின்ற வேளாங்கண்ணி மாதா காந்தத்தை எடுத்துக் கணவரின் உள்ளங்கையில் வைத்து ஆணை பிறப்பித்தார்.

“மாதா ஒட்டினா வாங்குங்க. ஒட்டாம விழுந்தா, ஒரு வார்த்தை பேசாம வந்துருங்க.”

எத்தகைய நுட்பம் செறிந்த ஆணை! துரு தின்ற தகரத்தை வெட்டி எறியாமல், ஓட்டையில் பட்டி என்னும் மாவை அப்பி, தேய்த்து, மேலே வர்ணம் அடித்துவிட்டால் மனிதக் கண் ஏமாந்து போகும். காந்தம் ஏமாறாது. அது இரும்பைப் பற்றும், பட்டியைப் பற்றாது. இயேசுதாசனார் மாதாவைச் சட்டைப்பையில் நெஞ்சுக்கு நேரே வைத்துக்கொண்டு, சரி என்றார்.

ஆயுதபூசை கழிந்த ஞாயிற்றுக்கிழமை. தேக்காச் சந்தையில் வாங்கிய டார்ச்சை இடக்கையில் ஏந்தி, வண்டிக்கு அடியில் படுப்பதற்கான பாயைக் கக்கத்தில் இடுக்கி, வாசிப்புக் கண்ணாடியை நெற்றியில் கிரீடமாகத் தரித்துப் பேருந்திலேறிப் புறப்பட்டார் நம் தலைவர். காத்தோங் வீட்டு வாசலில், காலை வெயிலில் குளித்து, அந்தப் பச்சைத் தேர் நின்றது. ஆகா, அதன் வட்டவிளக்குக் கண்களும், வெள்ளி மினுக்கும் கம்பிச் சக்கரங்களும், தோலிருக்கையின் மணமும்! துருவைத் தேடி வந்தவர், தம் கண் கலங்கியதைத்தான் முதலில் கண்டுபிடித்தார்.

கண்ணைத் துடைத்துக்கொண்டு பார்த்தபோது வேறொன்றும் புலப்பட்டது. தேர் முழுதும் சந்தனம்! வாகனத்துக்குப் பூசை போடுவோர் முகப்பில் வைப்பார்கள், சக்கரத்துக்கு ஒன்று வைப்பார்கள். இங்கோ கதவின் அடிவிளிம்பில் சந்தனம், பின்சக்கரத்தின் மேல்வளைவில் வரிசையாகச் சந்தனம், ஒவ்வொன்றின் நடுவிலும் செந்நிறக் குங்குமம். என்னே இப்பெரியவரின் பக்தி என்று இயேசுதாசனார் வியந்தார். வியந்துகொண்டே இருக்கையில்தான், துரு முதலில் தின்னும் இடங்களும் அவையே என்பது அவர் நினைவுக்கு வந்தது.

இங்கே மூண்டது போர். வாள் எடுக்காத, வாய் திறவாத, மரியாதைப் பெரும்போர். மாற்றார் வழிபட்டு வைத்த சந்தனத்தைத் துடைத்துப் பார்ப்பது பண்பா? தோ பாயோவில் கோயிலுக்கு அருகிலேயே வாழ்ந்து, தைப்பூசத்துக்கு அண்டை வீட்டாரின் பால்குடத்துக்கு வழிவிட்டு நின்ற மனிதரால் அது ஆகுமா? ஆகாது. விரல் நீளும், மரியாதை அதை மடக்கும். ரத்னவேலனாரோ வாசற்படியருகே நாற்காலியில் சாய்ந்து, தம் கோட்டைமதில் வலிதென்று கண்டு, குளிர்ந்த பார்லி நீரை நிம்மதியாக உறிஞ்சினார்.

அப்போது நம் தலைவர் தம் சட்டைப்பையிலிருந்து மாதாவை எடுத்தார்.

பெரியவர் பார்லி நீரை உறிஞ்சுவதை நிறுத்தினார். மகள் தலைப்பிரசவத்தில் தவித்த நாட்களில் சனிக்கிழமைதோறும் நொவீனா தேவாலயத்துக்குப் போய் மாதாவுக்கு மெழுகுவத்தி ஏற்றியவர் அவர். மாதாவை உள்ளே வையுங்கள் என்று எந்த வாயால் சொல்வார்? சந்தனத்தை இவர் தொட முடியாது; மாதாவை அவர் தடுக்க முடியாது. இரு படையும் சமமாயின.

முகப்பில் வைத்தார், மாதா டக்கென்று ஒட்டினாள். கதவின் நடுவில் வைத்தார், ஒட்டினாள். பின்பெட்டி மூடியிலும் ஒட்டினாள். ஒவ்வோர் ஒட்டுதலுக்கும் இயேசுதாசனாரின் உள்ளம் அந்தத் தேரில் ஏறி, கடற்கரைச் சாலையில் மதலேனாவின் முந்தானை பறக்கப் பாய்ந்தோடி வந்தது. இனி எஞ்சியது பின்சக்கர வளைவு ஒன்றே. சந்தனத்தின்மீது வைப்பது இரு தெய்வத்துக்கும் தகாது என்று, இரண்டு பொட்டுகளுக்கு இடையில் ஒரு துண்டுப் பச்சையைத் தேர்ந்து, சிலுவை போட்டுக்கொண்டு, மாதாவை அங்கே நிறுத்தி, ஆசை கொண்ட மனிதர் எவ்வளவு மெதுவாகக் கையை எடுக்க முடியுமோ அவ்வளவு மெதுவாக எடுத்தார்.

மாதா நின்றாள். பிறகு, சற்றே சரிந்தாள். பிறகு விழுந்தாள்.

அந்தோ, அக்கணத்தில் நிகழ்ந்ததை எவர் எடுத்துரைப்பார்! ஆண்டுக்கணக்கில் மடங்க மறுத்த முழங்கால் இரண்டும் ஒருங்கே மடங்க, நாற்காலி ஒருபுறமும் பார்லி நீர் மறுபுறமும் சிதற, கரையைத் தேடி வரும் அலையெனப் பாய்ந்து தரையில் நெடுஞ்சாண் கிடையாகச் சாய்ந்த ரத்னவேலனார், மண்ணைத் தொட ஒரு சாண் இருக்கையில் மாதாவை இரு கையாலும் ஏந்திக்கொண்டார். அப்படியே படுத்துக் கிடந்தார். உள்ளங்கையில் புன்னகைத்தபடி இருந்த சின்ன முகத்தைப் பார்த்தார்.

“மாதாவக் கையில வெச்சிக்கிட்டுப் பொய் சொல்ல முடியலலா, தம்பி,” என்றார். “சந்தனம் வெச்ச இடம் பூரா உள்ள பட்டிதான்.”

சொன்னவர், படுத்தபடியே தம் விரலால் ஒரு பொட்டைத் துடைத்துக் காட்டினார். வர்ணம் கொப்புளித்திருந்தது. அழுத்தினார்; விரல் உள்ளே போயிற்று. போன விரல் வெளியே வர, துருத்தூளும் உடன் வந்து பெரியவரின் வெள்ளை வேட்டியில் கொட்டிற்று.

இயேசுதாசனாருக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். வந்ததோ துக்கம். இத்தனை அழகான வண்டி, இப்படி உள்ளே உளுத்துப்போயிற்றே என்ற துக்கம். சொன்ன சொல் தவறாத அவ்வீரர் வாங்குவதில்லை என்று அங்கேயே முடிவுசெய்தார். பின்பு, வாழ்நாள் முழுதும் பாரம் தூக்கிப் பழகிய கைகளால், தோற்றவரை அக்குளில் பற்றி, அலுங்காமல் குலுங்காமல் உயர்த்தி, நேராக ஓட்டுநருக்குப் பக்கத்து இருக்கையில் கொண்டுபோய் இறக்கினார்.

“சாவி எங்கண்ணே? ஒரே ஒரு ரவுண்டு.”

பெரியவர் சாவியைக் கொடுத்தார். மாதாவைத் தரையில் வைக்க மனமின்றி, பிள்ளையார் அமர்ந்திருந்த முகப்புப் பலகையில் வைத்தார். டக்கென்று ஒட்டினாள். இங்க மட்டும் நல்ல தகரம், தம்பி என்று அவர் சொல்ல, இருவரும் சிரித்தார்கள். கூரை மடங்கிற்று, இயந்திரம் கர்ச்சித்தது. காலடித் தகரத்தில் இருந்த ஓட்டை வழியே காத்தோங் சாலை கீழே ஓடுவது தெரிய, கடற்காற்று தலைமயிரைக் கலைக்க, பச்சைத் தேர் கிழக்குக் கரையை நோக்கிப் பறந்தது. இறங்கவே மனம் வராமல், இரண்டாவது சுற்றும் போனார்கள்.

அன்று மாலை, வாகனம் வாங்காத வெற்றியோடும், கலைந்த தலையோடும், காரணம் சொல்லவொண்ணாத புன்னகையோடும் தோ பாயோ திரும்பிய தலைவர், ஆசையை வென்ற தம் ஆண்மையையும், வாக்குக் காத்த தம் வாய்மையையும் அவையிலே விரித்துரைத்தார். அம்மையார் எல்லாம் கேட்டார், மெச்சினார், கீழே விழுந்து கிடந்த மின்கட்டண ரசீதை எடுத்துக்கொண்டு குளிர்பதனப் பெட்டியருகே சென்று கையை நீட்டினார்.

“மாதா எங்கங்க?”

பச்சைத் தேரில் பிள்ளையாருடன் தங்கிவிட்ட மாதாவை எடுக்க அடுத்த ஞாயிற்றுக்கிழமை மறுபடியும் காத்தோங் போக வேண்டும்.