வெந்நீர்த் தொட்டியில் இளையோராகக் கருதப்பட்டவர்கள்

எங்கள் வட்டார அலுவலகத்தின் இளையோர் கலைப் பிரிவில் நான் இருபத்தாறு வருஷமாக எழுத்தர். பேர் குக் சாங்மோ. வயது ஐம்பத்து மூன்று. ஆனாலும் அரசாணைப்படி நான் இளைஞன். சிரிக்காதீர்கள், முத்திரை குத்திய காகிதம் கையில் இருக்கிறது.

தென் கொரியாவின் பூசான் நகரில், எங்கள் மலைச்சரிவில் பழைய பொதுக் குளியல் கூடம் ஒன்று மூடிக்கிடந்தது. பகலில் சந்தை முனையில் மீன் அப்பம் விற்கிற ஒக்சுன் அம்மாள், சாயங்காலமானால் அங்கே வற்றிப்போன வெந்நீர்த் தொட்டிக்குள் பிள்ளைகளை உட்காரவைத்து மேளம் சொல்லிக்கொடுப்பாள். பதினாறு வருஷமாக இதுதான் வழக்கம். இருபத்திரண்டு பிள்ளைகள். மிஞ்சின அப்பமும் சூடான சாறும் அவர்களுக்குத்தான். பள்ளிக்கூடத்துக்கு முழுக்குப் போட்டதுகள்கூட தொட்டிக்கு மட்டும் தவறாமல் வந்துவிடும்.

இந்த நேரத்தில் மேலிடத்திலிருந்து ஆணை வந்தது. இனி பிள்ளைகளுக்குக் கலை சொல்லித்தருவோர் 'சமூகம் சார்ந்த இளையோர் கலைத் தலைமைத்துவ'த்தில் முதுகலைப் பட்டம் பெற்றிருத்தல் வேண்டும்.

எங்கள் பிரிவுத் தலைவர் பியோ ஒக்சுன் அம்மாளைக் கூப்பிட்டு, தன் கையாலேயே காப்பி கலக்கிக் கொடுத்தார்.

"அம்மா, உங்களப் பாத்துத்தான் இந்தப் படிப்பையே ஆரம்பிச்சிருக்காங்க. பாடப்புத்தகத்துல மூணாவது பாடமே நீங்கதான்!"

"அப்படியா ஐயா! சந்தோஷம்."

"ஆனா பாருங்க, உங்ககிட்டதான் அந்தப் பட்டம் இல்ல. சாவியக் குடுத்துருங்க."

"பிள்ளைங்க எங்க போகும்?"

"ரெண்டே வருஷம். அதுவரைக்கும் வளராம இருக்கச் சொல்லுங்க."

பாவம், அவள் அந்தப் படிப்பில் சேர்ந்தாள். அப்பக் கடையை மதியத்தோடு மூடிவிட்டு பேருந்து பிடித்துப் போனாள். வகுப்பில் முப்பது பேர், ஒரு மேளம்கூட இல்லை. பிள்ளைகளை உள்ளே விட்டால் பாடம் கெட்டுவிடுமாம். பரீட்சையில் கேள்வி: 'குளியல் கூடக் குழு வெற்றி பெற்றது ஏன்?' அவள் எழுதினாள்: 'பசியோடு வந்ததுகள். முதலில் அப்பம் கொடுத்தேன், அப்புறம் மேளம் கொடுத்தேன்.' நூற்றுக்குப் பதினெட்டு மதிப்பெண். மூன்றாம் பாடத்தைச் சரியாகப் படிக்கவில்லை என்று பேராசிரியர் சிவப்பு மையில் எழுதியிருந்தார்.

எப்படியோ முட்டி மோதிக் கரையேறினாள். கடைசியில் களப்பணி வந்து வழிமறித்தது. அங்கீகாரம் பெற்ற குழு ஒன்றில் நூறு மணி நேரம். வட்டாரத்தில் அங்கீகாரம் பெற்ற ஒரே குழு குளியல் கூடக் குழு. அதுவோ பூட்டிக்கிடக்கிறது. திறக்கப் பட்டம் வேண்டும். பட்டத்துக்குக் களப்பணி வேண்டும்.

"யாரு ஐயா இதெல்லாம் யோசிக்கிறது?" என்று என் மேசையில் ஓங்கி ஒரு தட்டு தட்டினாள். எனக்கே வெட்கமாகப் போய்விட்டது. ராப்பகலாகச் சட்டத்தைப் புரட்டி ஒரு வழி கண்டுபிடித்தேன். பெரியவர்களுக்குச் சொல்லித்தரப் பட்டம் தேவையில்லை. அந்தப் பெரியவர்களே 'இளையோராகக் கருதப்பட்டால்' களப்பணிக் கணக்கில் வரும்.

ஆணை பிறந்தது. பியோ உள்பட அலுவலகத்தில் இருபத்திரண்டு பேர் இளையோரானோம். தொட்டிக்குள் இறங்கி உட்கார்ந்தோம். எனக்கு முழங்கால் மடங்கவில்லை. ஆனாலும் சொல்லிவிடுகிறேன், மேளத்தில் கை பட்டதும் மனசு ஒரு குதி குதித்தது. அவள் எங்களுக்கும் அப்பம் கொடுத்தாள். பெரிய துணிப் பதாகையைப் பிடித்துக்கொண்டு, முஷ்டியை உயர்த்தி, வாரம் தவறாமல் குழுப் படமும் எடுத்து மேலே அனுப்பினோம்.

அவளுக்குப் பட்டம் கிடைத்தது. மறுநாளே, நாங்கள் பயிற்சிக்குக் கூடியிருந்தபோது, குளியல் கூடத்துக்கு வந்து நின்றாள். பின்னால் பிள்ளைகள். தான்பி என்ற பெண் முன்னால் நின்றாள். பன்னிரண்டு வயசில் விட்டது, பதினாலில் வந்திருக்கிறது. இருபத்திரண்டு பேரில் ஒன்பது பேர்தான் மிச்சம்.

"ஐயா, சாவி" என்று கை நீட்டினாள் ஒக்சுன் அம்மாள்.

பியோ மேளத்தைத் தோளிலிருந்து இறக்கவே இல்லை. "அம்மா, நகரத்துலேயே முதலிடம் யாருக்குன்னு நினைக்கிறீங்க? நமக்கு! வருகை நூத்துக்கு நூறு. சண்டையில்ல, ஓட்டமில்ல. இப்பப் போயி பிள்ளைங்கள உள்ள விட்டா பதிவேடு கெட்டுப்போகும்ல?"

"இது அதுங்களோட இடம் ஐயா."

"நாங்களும் பிள்ளைங்கதாம்மா. ஆணை இருக்கு."

தான்பி என்னைப் பார்த்தாள். "குக் மாமா, நீங்களாச்சும் சொல்லுங்களேன்."

மாலைப் பயிற்சிக்கு மணி அடித்துவிட்டது. எனக்கோ அன்றைக்குத்தான் தனி வாசிப்பு. வாய் தானாகச் சொன்னது: "இளையோர் நிகழ்ச்சி நடக்குதும்மா. பிள்ளைங்கள்லாம் வெளிய போங்க."

சொன்ன பிறகுதான் என் காதில் விழுந்தது.

ஒக்சுன் அம்மாள் விறுவிறுவென்று உள்ளே வந்தாள். மூலையில் அடுக்கியிருந்த பழைய குளியல் வாளிகளைத் தூக்கிக்கொண்டு வெளியே போனாள். தெருப்படியில் பிள்ளைகளை உட்காரவைத்து, ஆளுக்கொரு வாளியைக் கவிழ்த்துக் கொடுத்தாள். "சித்தி, அப்பம் இல்லியா?" என்று ஒருவன் கேட்டான். "முதல்ல வாசி, கழுத" என்றாள். சிரிப்புச் சத்தம் கேட்டது. அப்புறம் எழுந்தது பாருங்கள் ஒரு தாளம்! உள்ளே எங்கள் கை ஒவ்வொன்றாக நின்றுபோனது.

பியோ ஜன்னலைத் திறந்தார். ரொம்ப நேரம் கேட்டார். கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"குக், இதத்தான்யா கலைங்கிறது. தெருப்படி, வாளி, சிரிப்பு! எங்கயாச்சும் இப்படி உண்டா?"

"இல்லை ஐயா." நானும் ஜன்னலருகே போய் நின்றேன்.

"இத விடக்கூடாது. உடனே மேலிடத்துக்கு எழுது. தெருப்படியில சொல்லித்தரணும்னா இனிமே முனைவர் பட்டம் கட்டாயம்."

நான் மேளத்தைக் கீழே வைத்துவிட்டுப் பேனாவை எடுத்தேன்.