தன் சாவுக்கு ஃபைல் போட்ட அண்ணாச்சி

எனக்கு எழுபத்தெட்டு வயது. ஐந்து பேரை வளர்த்து ஆளாக்கியிருக்கிறேன். நான் பெற்றது மூன்று, கொழுந்தன் விட்டுப்போனது இரண்டு. ஐந்து பேரும் இன்றைக்கும் என் முன்னால் குரலைத் தாழ்த்தித்தான் பேசுவார்கள். பள்ளிக்கூடம் மூன்றாம் வகுப்போடு சரி. ஆனாலும் இதை என் கையாலேயே எழுதுகிறேன். மெதுவாகத்தான் எழுதுவேன், நீங்களும் அவசரப்படாமல் படியுங்கள்.

டெல்லியில் எத்தனையோ பெரிய ஆட்கள் இருக்கலாம். தன் சாவுக்குத் தானே ஃபைல் திறந்து, நம்பர் போட்டு, நாடா கட்டி வைத்த மனிதர் ஒரே ஒருவர்தான். துவாரகாவில் எங்கள் எதிர்வீட்டு ஃபைல் அண்ணாச்சி.

சர்க்கார் ஆபீசில் முப்பத்தெட்டு வருஷம் இருந்து ரிட்டயர் ஆனவர். ஆபீஸ் அவரை விட்டது, அவர் ஆபீசை விடவில்லை. அவர் மனைவி சொர்ணம் மதினி, "மிக்சி கெட்டுப்போச்சுங்க" என்றால், "எழுதிக் கொடு, பரிசீலிப்போம்" என்பார். பரிசீலனை முடிகிறவரை மூன்று மாதம் மதினி எங்கள் வீட்டு மிக்சியில்தான் சட்னி அரைத்தார்.

பால்கனியில் புறா வந்து உட்கார்ந்ததற்குச் சுவரில் நோட்டீஸ் ஒட்டினார். புறாவிடமிருந்து பதில் இல்லை. முதல் நினைவூட்டல் ஒட்டினார். இரண்டாம் நினைவூட்டலைக் கிழித்துத்தான் புறா கூடு கட்டியது. "பாருங்க தங்கச்சி, ஆவணத்தைச் சேதப்படுத்தியிருக்கு" என்று என்னைக் கூப்பிட்டுக் காட்டினார்.

இப்படிப்பட்டவர், எண்பது முடிந்த மாதம், "நான் போன பொறவு பிள்ளைக குழம்பக் கூடாது" என்று தன் கடைசி விருப்பங்களைக் கடிதமாக எழுத உட்கார்ந்தார். ஏழு பக்கம், நாற்பத்தோரு பாயிண்ட். இரங்கல் பேசுகிறவர்களுக்கு ஆளுக்கு மூன்று நிமிடம். வருகிறவர்களுக்கு இஞ்சி டீ, சர்க்கரை தனியாக. 'என் கண்ணாடியைக் கழற்ற வேண்டாம், யார் யார் வந்தார்கள் என்று எனக்குத் தெரிய வேண்டும்.'

மேலே 'வரைவு' என்று போட்டுப் பிள்ளைகளுக்கு அனுப்பி, பதினைந்து நாளில் கருத்துக் கேட்டார். குர்கானில் இருக்கும் மகன் ஃபோனில் கத்தியது எங்கள் வீடுவரை கேட்டது.

"அப்பா, வாட்ஸ்அப்ல தம்ஸ்-அப் போட்டேனே! அதான் ஓகே!"

"கட்டைவிரலா? உன்னை எம்.டெக். படிக்க வச்சது கைநாட்டு வைக்கவா? எழுத்துல அனுப்புடா!"

இந்தக் கூத்தில் மதினி மட்டும் சிரிக்கவில்லை. ஒருநாள் லிஃப்டில் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"ஏளா, அவுகளுக்கு ஒண்ணு ஆச்சுன்னா என்னைய மவன் ஆறு மாசம், மவ ஆறு மாசம் வச்சுக்கிடணும்னு இப்பவே பேசி வச்சிருக்காங்க. குர்கானுக்கும் புனேவுக்கும் பெட்டியத் தூக்கிட்டு அலையணுமாம். எனக்கு இந்த வீடு போதும். அவுக எழுதி வச்சா பிள்ளைக தட்டாது. அந்தக் கடுதாசில எழுதியிருக்காகளோ என்னமோ."

"கேட்டுருங்க மதினி."

"கேட்டா எழுதிக் குடுன்னு சொல்லுவாக. அம்பத்தாறு வருஷமா மிக்சிக்கும் குக்கருக்கும் எழுதிக் குடுத்தாச்சு. இதையுமா எழுதிக் குடுக்கணும்?"

அந்த வீம்பு எனக்குப் பிடித்தது. நானாக இருந்தாலும் கேட்டிருக்க மாட்டேன்.

கடிதத்துக்கு இரண்டு சாட்சி வேண்டும் என்றார் அண்ணாச்சி. கீழ்வீட்டு சர்தார்ஜிக்குத் தமிழில் ஓர் எழுத்தும் தெரியாது. "கஹான் சைன் கர்னா ஹை, சாச்சாஜி?" என்று கையெழுத்துப் போடும் இடத்தை மட்டும் கேட்டு, நின்றபடியே போட்டுவிட்டு, தட்டிலிருந்த முறுக்கையும் தீர்த்துவிட்டுப் போனார். அடுத்தது நான். கண்ணாடியை மாட்டிக்கொண்டு, முதல் பக்கத்தின் முதல் எழுத்தில் விரலை வைத்தேன்.

"தங்கச்சி, கையெழுத்து கடைசிப் பக்கத்துல."

"அண்ணாச்சி, படிக்காம கையெழுத்துப் போட நான் என்ன ஆபீசரா?"

எழுத்துக் கூட்டிப் படிக்கிறவள் நான். ஏழு பக்கத்துக்கு நான்கு மத்தியானம் ஆயிற்று. 'அனுபந்தம்' என்ற சொல்லைத் தாண்டவே ஒரு டம்ளர் காபி தேவைப்பட்டது. அண்ணாச்சி ஹாலுக்கும் பால்கனிக்குமாக நடந்தார்.

"இப்ப எந்தப் பாரா?"

"இன்னும் இஞ்சி டீயிலதான் இருக்கேன்."

நான்காம் நாள் கடைசி எழுத்திலிருந்து விரலை எடுத்தேன்.

"கண்ணாடிக்கு ஒரு பாயிண்ட் இருக்கு. மணி பிளான்ட்டுக்குத் தண்ணி ஊத்த ரெண்டு பாயிண்ட் இருக்கு. மதினி எங்க அண்ணாச்சி?"

சமையலறையில் பாத்திரச் சத்தம் நின்றது.

 அண்ணாச்சி மேஜை இழுப்பறையிலிருந்து ஒரு கட்டுக் காகிதத்தை எடுத்து என் முன்னால் வைத்தார். பதினொரு தாள். ஒவ்வொன்றிலும் மேலே 'பொருள்: சொர்ணம்' என்று எழுதி, அழகாக அடிக்கோடு போட்டிருந்தது. கீழே ஒன்றுமே இல்லை.

"அந்தப் பாரா மட்டும் வரமாட்டேங்குது தங்கச்சி. நான் இல்லாம அவ தனியா இருக்கான்னு எழுதணும்லா? பேனா ஓடல."

மதினி கரண்டியோடு வந்து நின்றார். கண் கலங்கியிருந்தது, குரல் கலங்கவில்லை.

"நான் சொல்லுதேன், எழுதுங்க. சொர்ணம் இந்த வீட்டுலயேதான் இருப்பா. யாரும் அவளுக்குப் பெட்டி கட்டக் கூடாது. நினைச்ச நாள் மலை மந்திருக்கு முருகனைக் கும்பிடப் போவா. பிள்ளைக வீட்டுக்குத் தோணுனா போவா, தோணுனா திரும்பி வருவா. மிக்சி கெட்டா அன்னிக்கே வேற வாங்கணும்."

"கடைசி வரி இந்த ஃபைல்ல வராது சொர்ணம்..."

"வரும்."

வந்தது. ஒரு சொல்லையும் மாற்றாமல் எழுதினார். காரணம் கேட்காமல் அண்ணாச்சி அனுமதித்த முதல் மனு அதுதான். நாற்பத்திரண்டாவது பாயிண்ட். அதன் கீழே நான் என் பெயரை இனிஷியலோடு, முழுசாகப் போட்டேன்.

போன வருஷம் அண்ணாச்சி போனார். மூன்று நிமிடம் பேச வேண்டியவர்கள் இருபது நிமிடம் பேசினார்கள். டீயில் சர்க்கரையை முன்கூட்டியே கலந்துவிட்டார்கள். பதினாறாம் நாள் மகன் பரணிலிருந்து பெட்டியை இறக்கினான். மதினி ஃபைலை நீட்டினார். நாற்பத்திரண்டைப் படித்தான். அப்பா கையெழுத்தைக் கொஞ்ச நேரம் தடவிக்கொண்டிருந்தான். பிறகு பெட்டியைத் திரும்பப் பரணில் ஏற்றினான். மதினி இப்போதும் எதிர்வீட்டில்தான்.

நானும் என் பிள்ளைகளுக்கு ஒரு கடிதம் தொடங்கியிருக்கிறேன். எழுதியதைக் காட்டி, எழுபது ஆட்சேபணை வாங்கி வரத்தான் எதிர்வீட்டில் ஆள் இல்லை.

பேத்தியைக் கூப்பிடுகிறேன். ஏ ரித்திகா, இங்க வா. ஆச்சி அண்ணாச்சியப் பத்தி எழுதினதை ஒரு தடவை படிச்சுக் காட்டு.

"அச்சா ஆச்சி. ஜல்தியா படிச்சிரட்டா?"

வேண்டாம்ட்டீ. நீயும் என்னை மாதிரி எழுத்துக் கூட்டியே படி. அண்ணாச்சி இன்னும் கொஞ்ச நேரம் நம்மகூட இருக்கட்டும்.