ஐயய்யோ அண்ணன் அழுத்திய என்டர்

புதுச்சேரியில் கம்ப்யூட்டர் ரிப்பேர் பார்த்தவர்கள் எல்லாரும் அந்தக் காலத்தில் மகா தைரியசாலிகள், ஒரே ஒருவரைத் தவிர. அந்த ஒருவரைப் போன்ற பயந்தாங்கொள்ளியை நான் என் ஆயுளில் பார்த்ததில்லை. அவருடைய பெயர் என்ன என்று எங்களில் யாருக்கும் தெரியாது. சாரம் பகுதியில் எங்கள் தெரு முழுக்க அவருக்கு வைத்திருந்த பெயர் ஐயய்யோ அண்ணன்.

கெட்டுப்போன கம்ப்யூட்டரின் பக்கவாட்டு மூடியைக் கழற்றி உள்ளே எட்டிப் பார்ப்பார். அப்புறம் துக்க வீட்டில் பேசுகிற குரலில், மெதுவாக, "ஐயய்யோ" என்பார். வீட்டுக்காரர்கள் அடுப்பை அணைத்துவிட்டு ஓடிவருவார்கள். என்ன அண்ணே ஆச்சு என்று கேட்டால், "ஒண்ணும் ஆவல, தூசி" என்பார். தூசிக்கே இந்தப் பாடு என்றால் மற்றதற்கெல்லாம் எப்படி இருக்கும் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

இரண்டாயிரத்துச் சொச்சம் வருடங்களில் எந்த மெக்கானிக்கைக் கூப்பிட்டாலும் ஒரே வைத்தியம்தான். பாட்டு கேட்கவில்லையா, ஃபார்மட். மவுஸ் நகரவில்லையா, ஃபார்மட். அதாவது உள்ளே இருப்பதையெல்லாம் வழித்துத் துடைத்துவிட்டு எல்லாவற்றையும் புதிதாகப் போடுவது. கரப்பான் பூச்சி வந்தது என்று வீட்டையே இடிக்கிற கதை. ஐயய்யோ அண்ணன் மட்டும் அந்த வார்த்தையைக் கேட்டாலே முகம் சுருங்குவார். "உள்ள என்னென்ன வச்சிருக்காங்களோ, யாரு கண்டா" என்பார். அதனாலேயே, ஃபார்மட் செய்ய முடியாத நிலையில் இருக்கிறவர்கள் எல்லாரும் கடைசியில் அவரிடம்தான் போய் விழுந்தார்கள்.

தவளக்குப்பத்திலிருந்து மொபெட்டில் வருவார். யாருடைய சி.பி.யு.வையாவது எடுத்துப் போவதாக இருந்தால் அதைத் தலையணை வைத்துக் கட்டி, கால்களுக்கு நடுவில் நிறுத்தி, கடலூர் ரோட்டில் நடக்கிற வேகத்தில் ஓட்டுவார். பின்னால் வருகிற பஸ்காரன் ஹாரன் அடித்துத் திட்டினால், கர்ப்பிணியை அழைத்துப் போகிறவர் போல அவனையே கோபமாகத் திரும்பிப் பார்ப்பார்.

நெல்லித்தோப்பில் ஒரு வீட்டில் அவர் டிஸ்க்கைச் சோதித்துக்கொண்டிருந்தபோது மாப்பிள்ளை வீட்டார் பெண் பார்க்க வந்துவிட்டார்களாம். இவர் வாசலுக்கு ஓடி, சோதனை முடிகிறவரை வீட்டுக்குள் யாரும் நடக்கக் கூடாது, தரை அதிரும் என்று சொல்லிவிட்டார். மாப்பிள்ளை பட்டுச் சட்டையோடு வெயிலில் நின்றார். அப்படியும் அந்தச் சம்பந்தம் கூடிவிட்டது என்பதுதான் வேடிக்கை. ரொம்பக் கட்டுப்பாடான குடும்பம் என்று மாப்பிள்ளையின் அம்மாவுக்குப் பிடித்துப் போயிற்றாம்.

இதெல்லாம் போகட்டும். அவரிடம் இரண்டு பழக்கங்கள் உண்டு. கம்ப்யூட்டர் ரீஸ்டார்ட் ஆகும்போது பக்கத்தில் இருக்க மாட்டார், தெருவுக்குப் போய் நின்றுகொள்வார். வந்துடுச்சு அண்ணே என்று யாராவது குரல் கொடுத்தால்தான் உள்ளே வருவார். இன்னொன்று, அடுத்தவர் வீட்டுக் கம்ப்யூட்டரில் என்டர் மட்டும் அவர் தட்டவே மாட்டார். மற்ற எழுத்தையெல்லாம் அடித்துவிட்டு கையை எடுத்துவிடுவார். "உங்க பொருளு, நீங்க அடிங்க" என்பார். வீட்டுக்காரர் மார்க்கெட்டுக்குப் போயிருந்தால், அவர் காய்கறிப் பையோடு திரும்பி வருகிறவரை அப்படியே உட்கார்ந்திருப்பார்.

அப்படிப்பட்டவரை ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் நாங்கள் கூப்பிட வேண்டியதாயிற்று.

என் தங்கை செல்வி அப்போது டாக்டர் பட்டத்துக்கு ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தாள். கடலோர ஊர்களில் மீன் விற்கிற பெண்களைப் பற்றி. வருடக்கணக்காக விடிகாலையில் கூடை தூக்குகிறவர்கள் பின்னால் அலைந்து, பஸ்ஸில் யாரும் பக்கத்தில் உட்காராத அளவுக்கு மீன் வாசனையோடு திரும்பி வருவாள். அத்தனை உழைப்பும் எங்கள் வீட்டுக் கம்ப்யூட்டருக்குள் இருந்தது. மறுநாள் திங்கட்கிழமை ஆய்வேட்டைக் கொடுத்தாக வேண்டும். ஏற்கெனவே தவணை நீட்டித்துக் கொடுத்தாயிற்று, இனிமேல் கிடையாது என்று கறாராகச் சொல்லியிருந்தார்கள். ஞாயிறு காலையில் அவள் சுவிட்சைப் போட்டாள். கறுப்புத் திரையில் வெள்ளையாக இரண்டு வரி வந்தது. அதோடு நின்றுவிட்டது.

அந்த இரண்டு வரியும் பிரெஞ்சில் இருந்தது. ஏனென்றால் கம்ப்யூட்டரே பிரான்சிலிருந்து வந்தது. அங்கே இருக்கிற எங்கள் பெரியப்பா லீவில் வந்தபோது பெட்டியில் துணிகளுக்கு நடுவில் சுற்றிக் கொண்டுவந்தார். கீபோர்டில் முதல் எழுத்து A இருக்க வேண்டிய இடத்தில் Q இருக்கும், Q இருக்க வேண்டிய இடத்தில் A இருக்கும். எங்கள் வீட்டில் யாருக்கும் பிரெஞ்சு தெரியாது. எந்த மூலையில் எதைத் தட்டினால் என்ன திறக்கும் என்று இடத்தை மனப்பாடம் செய்தே செல்வி காலம் தள்ளினாள்.

அண்ணன் வந்தார். திரையைப் பார்த்தார். "ஐயய்யோ, இங்கிலீஷ்ல கூட அழ மாட்டேங்குதே" என்றார். வேறு எங்காவது காப்பி எடுத்து வைத்திருக்கிறாளா என்று கேட்டார். ஃப்ளாப்பியில் எடுத்து வைத்திருந்தாள். எங்கே? பத்திரமாக, ஸ்பீக்கர் பெட்டிமேல். ஸ்பீக்கரில் காந்தம் இருக்கும் என்பதும், ஃப்ளாப்பிக்குக் காந்தம் எமன் என்பதும் அன்றைக்குத்தான் எங்களுக்குத் தெரிய வந்தது. அண்ணன் தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். அவரைத் தேற்றி என் அம்மா மோர் கொடுத்தார். சமாதானம் சொல்ல வந்தவருக்கு நாங்கள் சமாதானம் சொன்னோம்.

தெருவில் எல்லாரும் மதாம் என்று கூப்பிடுகிற எதிர்வீட்டு அம்மாவை அழைத்துவந்தேன். பிரெஞ்சுப் பள்ளியில் வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர். கண்ணாடியை மாட்டிக்கொண்டு, வகுப்பில் வருகைப் பதிவு எடுக்கிற தோரணையில் படித்தார்.

"கீழ இருக்கிற ஃபைல் வரல, இல்லன்னா வந்து அடிபட்டிருக்குன்னு போட்டிருக்கு. ரெண்டும் வேற வேற ஆச்சே. எதுன்னு அதுக்கே தெரியல போல."

அடிபட்டது ஒரே ஒரு சிஸ்டம் ஃபைல்தான், அது இல்லாமல் மெஷின் எழுந்திருக்காது, நல்ல ஃபைல் ஒன்றை அதே இடத்தில் வைத்தால் எழுந்துவிடும், தங்கச்சி எழுதியதெல்லாம் உள்ளே அப்படியேதான் இருக்கும் என்று அண்ணன் சொன்னார். சொல்லிவிட்டு, "இருக்கணும்" என்று சேர்த்துக்கொண்டார். அந்தக் கடைசி வார்த்தையில் செல்விக்கு இருந்த கொஞ்சநஞ்ச உயிரும் போயிற்று.

அவரிடம் இருந்த சி.டி. இங்கிலீஷ். அதைப் போட்டு A அடித்தால் Q வந்தது. Q அடித்தால் A வந்தது. அவருக்கு வேர்த்துவிட்டது. மெஷின் நாம் சொல்வதைக் கேட்காமல் வேறு என்னவோ எழுதுகிறது, இந்த நிலைமையில் எதையும் தொடக் கூடாது என்று சி.டி.யை வெளியே எடுத்துவிட்டார். கம்ப்யூட்டரோடு பிரான்சிலிருந்து ஒரு சி.டி. வந்திருக்குமே, அது எங்கே என்று கேட்டார்.

பெரியப்பாவுக்குப் போன் போட்டோம். அங்கே விடிந்தும் விடியாத நேரம். தூக்கத்தில் எழுந்து, பளபளவென்று ஒன்று கொடுத்தேனே என்றார். அதைச் சொல்லச் சொல்ல அம்மாவின் முகம் மாறிக்கொண்டே வந்தது. கடைசியில் அம்மா மேலே கூரையைப் பார்த்தார்.

மொட்டை மாடியில் வடகம் காய்கிற இடத்தில், கொடிக் கயிற்றில், நைலான் நரம்பு கட்டி அது தொங்கிக்கொண்டிருந்தது. யாருக்கும் படிக்கத் தெரியாத சி.டி.யை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று அம்மா அதைக் காக்கா விரட்ட மாட்டியிருந்தார். "ஒரு காக்கா கிட்ட வந்ததில்ல தெரியுமா" என்று அந்த நேரத்திலும் பெருமையாகச் சொன்னார். வெயிலும் மழையும் பட்டு, நடுவில் கீறல் விழுந்து, ஓரத்தில் வடக மாவு ஒட்டியிருந்தது. ஐயய்யோ அண்ணன் அதைக் கையில் வாங்கினார். ஐயய்யோ என்று சொல்லவில்லை. அவர் அப்படிச் சொல்லாமல் இருந்தது எங்களுக்கு இன்னும் பயமாக இருந்தது.

சோப்புத் தண்ணீரில் கழுவினார். பல் விளக்குகிற பேஸ்ட்டைக் கீறல்மேல் தடவி, தன் துண்டின் நுனியால் குழந்தைக்கு முகம் துடைப்பது போலத் துடைத்தார். உள்ளே போட்டதும் மாவு மில் ஓடுகிற மாதிரி ஒரு சத்தம் கிளம்பியது. பிறகு அது நின்று, நீலத் திரை முழுக்கப் பிரெஞ்சு வந்தது. மதாம் மேலே இருந்து ஒரு வரி விடாமல் படித்தார். எதை அழுத்தினால் பழுதுபார்க்கும் என்று மட்டும் சொல்லுங்கள் என்று நான் கெஞ்சினேன். பாதியில் இருந்து படிக்கிற பழக்கம் தனக்குக் கிடையாது என்றார்.

ஒருவழியாக அந்த இடத்துக்கு வந்தோம். கீபோர்டும் சொன்ன பேச்சைக் கேட்டது. அண்ணன் கட்டளையை அடித்தார், வழக்கம்போல கையை எடுத்துக்கொண்டார், செல்வி என்டர் தட்டினாள். அதே நேரம் பார்த்துக் கரண்ட் போயிற்று.

மேஜைக்கடியில் இருந்த யு.பி.எஸ். கீச்சுக் கீச்சென்று கத்தத் தொடங்கியது. பழைய பேட்டரி, ரொம்ப நேரம் தாங்காது. திரையில் ஒரு புதுக் கேள்வி வந்து நின்றது.

"ஏற்கெனவே இருக்கிறது மேல எழுதட்டுமான்னு கேக்குது" என்றார் மதாம். "வுய், அதாவது ஆமான்னா, அதோட முதல் எழுத்து O அடிச்சு என்டர் தட்டணும்."

செல்வி விரலைக் கொண்டுபோனாள், நிறுத்திவிட்டாள். "எதுமேல எழுதும் அண்ணே?"

"அந்த ஒரு ஃபைல் மேலதாம்மா."

"நிச்சயமா?"

அண்ணன் குனிந்து யு.பி.எஸ்.ஸைப் பார்த்தார். பொய் சொல்லத் தெரியாத மனுஷன். யு.பி.எஸ். மூச்சு விடாமல் கத்தியது. செல்வியின் விரல் கீபோர்டுக்கு மேலேயே நின்றது, இறங்கவில்லை. "என்னால முடியல அண்ணே" என்று சொல்லிவிட்டு அழத் தொடங்கினாள். அவளை அப்படி நான் பார்த்ததில்லை. எனக்கும் கையைக் கொண்டுபோகத் துணிவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

அண்ணன் தன் கையைத் துண்டில் துடைத்துக்கொண்டார்.

"தள்ளும்மா. போச்சுன்னா என்னைத் திட்டு. உன்னை நீயே திட்டிக்காத."

கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு O அடித்தார். என்டர் தட்டினார்.

திரையில் ஏதோ ஒரு வரி வந்தது. மதாம் வாயைத் திறப்பதற்குள் யு.பி.எஸ். செத்து எல்லாம் இருட்டாகிவிட்டது. என்ன போட்டிருந்தது என்று நாங்கள் எல்லாரும் ஒரே குரலில் கேட்டோம். ஏதோ ஃபைல் என்று ஆரம்பித்தது, முழுக்கப் படிக்கவில்லை என்றார் மதாம். தன் வாழ்நாளில் பாதியில் விட்ட வாக்கியம் அது ஒன்றுதான் என்று வருத்தப்பட்டார்.

கரண்டுக்காகக் காத்திருந்தோம். போட்ட டீ ஆடை கட்டிக்கொண்டு கிடந்தது. அண்ணன் ஒரு மூலையில் உட்கார்ந்து, எழுதிக்கொண்டிருக்கும்போது கரண்ட் போனால் என்னென்ன ஆகலாம் என்று ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டிருந்தார். சொல்லாதீர்கள் என்று யாரும் தடுக்கவில்லை. அவர் சத்தமாகப் பயந்துகொண்டிருந்ததில் செல்விக்கு அழுகை நின்றிருந்தது. நடுவில் அவளே அவரிடம், டீயைக் குடிங்க அண்ணே என்றாள்.

ஃபேன் சுற்றியதும் அண்ணன் எழுந்து தெருவுக்கு ஓடினார். செல்வி சுவிட்சைப் போட்டாள். கறுப்பு. அப்புறமும் கறுப்பு. பிறகு அந்தப் பழைய நீல வானமும் புல்வெளியும் வந்தன. அவள் நேராகத் தன் ஆய்வேட்டைத் திறந்தாள். கூடை தூக்குகிற பெண்கள் அத்தனை பேரும் அப்படியே உள்ளே இருந்தார்கள்.

"அண்ணே, வந்துடுச்சு" என்று கத்தினாள்.

தெருவிலிருந்து "ஐயய்யோ" என்று ஒரு குரல் வந்தது. சந்தோஷத்துக்கும் அவரிடம் வேறு வார்த்தை இல்லை. உள்ளே வந்ததும் எங்களைச் சிரிக்கக் கூட விடவில்லை. முதலில் காப்பி எடுக்க வேண்டும் என்று, இன்னொரு துண்டில் சுற்றிக் கொண்டுவந்திருந்த தன் சொந்த ஹார்ட் டிஸ்க்கை மாட்டி எடுத்துக் கொடுத்துவிட்டுத்தான் மற்ற பேச்சு.

ஆய்வேட்டில் நன்றி சொல்கிற பக்கத்தில் அவர் பெயரைப் போட வேண்டும், பெயர் என்ன அண்ணே என்று செல்வி கேட்டாள். அவருக்கு மறுபடி வேர்த்துவிட்டது. பெயரெல்லாம் வேண்டாம், நாளைக்கு ஏதாவது ஒன்று என்றால் முதலில் என்னைத்தான் பிடிப்பார்கள் என்று மொபெட்டைக் கிளப்பிவிட்டார். பட்டம் கிடைத்தபிறகு ஒரு பிரதியை எடுத்துக்கொண்டு நான் தவளக்குப்பம் போனேன். அந்தப் பக்கத்தைத் திறந்து, இங்கிலீஷில் இருந்த கடைசி வரிக்கு அர்த்தம் சொன்னேன்: "நான் நடுங்கி நின்றபோது எனக்குப் பதிலாகப் பயந்துகொண்டு, எனக்காக என்டர் தட்டிய அண்ணனுக்கு."

அவர் அந்த வரியை விரலால் தடவிப் பார்த்தார். கண் கலங்கியிருந்தது. அப்புறம் மெதுவாகக் கேட்டார்:

"ஐயய்யோ, இத வேற எங்கயாவது ஒரு காப்பி எடுத்து வச்சிருக்கீங்களா சார்?"

எடுத்து வைத்திருக்கிறோம் அண்ணே. இதோ, இங்கேயும் ஒன்று.