நின்றபடி பழுதுபார்ப்பவர்

இரண்டு விரல்கள் எஞ்சினின் உச்சியில் இருக்கும் இரண்டு சிறிய இரும்புக் கைகளைத் தொட்டு அசைத்துப் பார்க்கின்றன. இன்னொரு கை ஃபிளைவீலை ஒரு நூல் முன்னே தள்ளுகிறது. விரல்கள் மறுபடி அசைத்துப் பார்க்கின்றன. ஒரு நூல் பின்னே. மறுபடி. அவசரமும் இல்லை, பேச்சும் இல்லை.

ஆனால் வாசகரே, உங்களை அழைத்து வந்தது இந்தக் கைகளைக் காட்ட அல்ல. கொஞ்சம் நிமிர்ந்து பாருங்கள். நாலடி மேலே, இடுப்பில் கையூன்றி, வெள்ளை வேட்டியில் ஒரு பொட்டு எண்ணெய்கூடப் படாமல் ஒருவர் நிற்கிறாரே, அவர்தான். நின்றபடி பழுதுபார்ப்பவர். தூத்துக்குடி பழைய துறைமுகத்து ஜெட்டியில் எந்த லாஞ்சின் எஞ்சின் மக்கர் செய்தாலும் ஏழாவது நிமிடம் இவர் ஆஜர். யார் ஆள் அனுப்பினார்கள்? காயப்போட்ட கருவாட்டுக்கு ஈ வருகிறதே, கடிதம் போட்டா வரவழைக்கிறோம்?

வந்தவுடன், ஸ்டார்ட் ஆகாமல் மூன்று பேர் வியர்த்துக்கொண்டிருக்கும் எஞ்சினைப் பார்த்து, "என்ன, ஸ்டார்ட் ஆகலையா?" என்று கேட்பார். பிறகு ஆள்காட்டி விரலால் எஞ்சினை ஒரே ஒரு தடவை தொட்டு, அந்த விரலை அடுத்தவர் தோள் துண்டில் துடைத்து, கண்ணை மூடிக்கொண்டு, "சுத்து" என்பார், சுற்றுவார்கள், "நிறுத்து" என்பார், நிறுத்துவார்கள், "இன்னொருக்க சுத்து" என்பார். சுற்றுகிறவருக்குத் தோள் கழன்றுவிடும். இவருக்கு நோய் தெரிந்துவிடும். நோய்கள் மொத்தம் மூன்று: காற்றுப் புகுந்துவிட்டது, கம்ப்ரஷன் இல்லை, டீசலில் தண்ணீர். மூன்றையும் ஒன்றன்பின் ஒன்றாகச் சொன்னால் ஏதாவது ஒன்று பலிக்கும். பலிக்காவிட்டால் கொழும்பில் ஒரு தடவை நடந்ததைச் சொல்வார்.

நம்முடையவர் பெயர் தேவபிரசாதம். பதினெட்டு வருஷம் ஓர் உதிரிபாகக் கடையில் இருந்தவர். எஞ்சினின் எல்லாப் பாகங்களின் பெயரும் தெரியும். அவற்றை எங்கே மாட்டுவது என்பதில் மட்டும் சொந்த அபிப்பிராயங்கள் உண்டு.

இன்று, எழுபத்தைந்தாம் வருஷம் தை மாதத்துத் திங்கட்கிழமை காலை, படுத்துவிட்ட லாஞ்சு 'ஸ்டெல்லா'. உரிமையாளர் அந்தோணியம்மாள். கணவருக்குக் கப்பல் குசினியில் சமையல் வேலை. ஆகவே லாஞ்சை நடத்துவது இவர்தான். கடலடியில் மூழ்கிச் சங்கு எடுக்கும் சங்குக்குளி தொடங்குகிறது. குளிகாரர்களின் வள்ளங்களை ஆழத்துக்கு இழுத்துப் போக மூன்று லாஞ்சுகள் போதும் என்று அவர்களின் தலைவரான சம்மாட்டி சொல்லிவிட்டார். பன்னிரண்டு மணிக்குள் ஜெட்டி முனையில் யார் முதலில் வந்து எஞ்சின் ஓட நிற்கிறார்களோ, அந்த மூன்று பேருக்குத்தான் இந்த வருஷம். இரண்டு போய் நின்றாயிற்று. மணி பத்தே முக்கால். தவறினால் சித்திரை வரை ஸ்டெல்லா கரையைப் பார்த்துக்கொண்டு ஆட வேண்டியதுதான்.

போன வாரம் வரை ஓடிய எஞ்சின். டீசல் பம்பு கசிகிறது என்று கழற்றி, கடையில் சரிசெய்து வாங்கினார்கள். அதைத் திரும்ப மாட்ட வேண்டிய மெக்கானிக் இசக்கியப்பன் – முதலில் பார்த்தோமே, அந்தக் கைகளுக்கு உரியவர் – ஆத்தூரில் தங்கை மகள் சடங்குக்குப் போயிருந்தார். தேவபிரசாதம் ஊரில் இருந்தார். நேற்று அவர் நிற்க, டிரைவர் சிலுவை உட்கார்ந்து மாட்டினார். "முதல் சிலிண்டர் பிஸ்டன உச்சிக்குக் கொண்டா. வந்துட்டா? மாட்டு, முறுக்கு" என்று உத்தரவு. முறுக்கினார். அதிலிருந்து சுற்றுகிறார்கள். வெள்ளைப் புகை வருகிறது, டீசல் வாடை வருகிறது, உயிர் மட்டும் வரவில்லை.

"ஏ இசக்கி, வெரல வச்சு என்னத்த தடவுத? காத்து புடுங்குப்பா, காத்து."

"எடுத்தாச்சு அண்ணாச்சி."

"அப்பம் கம்ப்ரஷன்."

"இருக்கு."

"டீசல்ல தண்ணி."

இசக்கியப்பன் ஃபிளைவீலை இன்னொரு நூல் தள்ளினார். வடிகட்டியைக் காலையிலேயே கழற்றிப் பார்த்திருந்தார்.

மூன்று நோயும் தீர்ந்துவிட்டால் இந்த இனத்துக்கு ஒரே புகலிடம் சரித்திரம். தேவபிரசாதம் இடது கையைக் குழல்போல மடக்கினார். வலது முஷ்டியை அதற்குள் விட்டார். "இங்கன பாருங்க. முஷ்டி கீழ போகுதா, காத்த உறிஞ்சும். மேல வருதா, காத்த அமுக்கும். டீசல் அடிக்கும், வெடிக்கும், முஷ்டிய கீழ தள்ளும். திரும்ப மேல வரும், புகைய வெளிய தள்ளும். நாலே வேலை. இந்த எஞ்சின மொதல்ல ஓட்டிக் காட்டுனது ஓட்டோன்னு ஒரு ஜெர்மன்காரன், ஆயிரத்து எண்ணூத்து எழுபத்தாறுல. அதுவும் கேஸ்ல. டீசல்லாம் அதுக்குப் பெறவு. அவன் இஞ்சினியரா? தேயிலையும் சீனியும் ஊரூராக் கொண்டு வித்தவன்!"

"அண்ணாச்சி, சீனி வித்தவன் கதய சாயந்தரம் கேக்கேன். எனக்கு இப்பம் இது ஓடணும்" என்றார் அந்தோணியம்மாள்.

தேவபிரசாதம் சொன்னது அத்தனையும் சரி. ஒன்றை மட்டும் விட்டுவிட்டார். ஓட்டோ அந்த எஞ்சினை ஓட்டுவதற்குப் பதினாலு வருஷம் முன்பே ஒரு பிரெஞ்சுக்காரர் அதே நாலு வேலைகளையும் வரிசையாகக் காகிதத்தில் எழுதி வைத்திருந்தார். எழுதினார், அவ்வளவுதான், ஒரு போல்ட்டுகூட முறுக்கவில்லை. பின்னாளில் வழக்கு வந்து, அந்தக் காகிதத்தைக் காட்டி, ஓட்டோவின் காப்புரிமையை ரத்து செய்துவிட்டார்கள். நின்றபடி பழுதுபார்ப்பவர்களுக்கு உலக சரித்திரத்தில் கிடைத்த மகத்தான வெற்றி அது. அதைப்போய் ஏன் விட்டார் என்பது தெரியவில்லை.

இசக்கியப்பன் முதல் தடவையாக நிமிர்ந்தார்.

"அண்ணாச்சி, அந்த நாலு வேலைக்குள்ள முஷ்டி எத்தன தடவ உச்சிக்கு வருது?"

"நாலு வேலைக்கு எஞ்சின் ரெண்டு சுத்து. இதுகூடத் தெரியாமலா தொழிலுக்கு வந்த?"

"உச்சிக்கு?"

"சுத்துக்கு ஒருக்க. அப்பம் ரெண்டு தட..." தேவபிரசாதத்தின் முஷ்டி குழலுக்குள் பாதியில் நின்றது.

"ஒருக்க காத்த அமுக்கிட்டு வரும். அப்பம் ரெண்டு வால்வும் மூடியிருக்கும், இந்த ரெண்டு கையும் லூசா ஆடும். அங்கனதான் டீசல் அடிக்கணும். இன்னொருக்க புகையத் தள்ளிட்டு வரும். அப்பம் வால்வு தெறந்து கெடக்கும், கை ஆடாது. இப்பம் பம்பு டீசல் அடிக்கித நேரத்துல வச்சிருக்கேன். தொட்டுப் பாருங்க, ஆடுதான்னு."

தேவபிரசாதம் தொடவில்லை. சிலுவை தொட்டார். ஆடவில்லை.

"நேத்து பிஸ்டன் உச்சிக்குத்தான் வந்திருக்கு. வேற உச்சி. அடிச்ச டீசல் அவ்வளவும் புகையோட கடலுக்குப் போவுது" என்றார் இசக்கியப்பன்.

தேவபிரசாதம் தொண்டையைச் செருமினார்.

"இத நான் நேத்தே நெனச்சேன்."

"நெனச்சியள்லா? அப்பம் வாயத் தொறந்து ஒரு வார்த்த சொல்லிருக்கலாம்லா! வேற எல்லாத்துக்கும் தொறந்திய!" என்றார் அந்தோணியம்மாள்.

பம்பையும் எஞ்சினையும் இணைக்கும் கப்ளிங்கில் இரண்டு போல்ட்டுகள். இசக்கியப்பன் அவற்றைத் தளர்த்தினார், பம்பை அசையாமல் பிடித்துக்கொண்டு, எஞ்சினை ஒரு முழுச் சுற்றுச் சுற்றி வைத்தார், இரும்புக் கைகள் இரண்டும் ஆடுகின்றனவா என்று பார்த்தார், ஆடின, இறுக்கினார், மறுபடியும் பார்த்தார். முடிந்தது. சிலுவை ஹேண்டிலைச் சுற்றினார். ஒரு தும்மல், கறுப்பாய் ஒரு புகை, அப்புறம் டப்டப்டப்பென்று ஜெட்டிப் பலகை அதிர ஆரம்பித்தது. மணி பதினொன்று இருபது. முனையில் மூன்றாவது இடம் இன்னும் காலி. பத்தே நிமிடத் தூரம்.

"கேட்டியளா சத்தத்த! டைமிங்குன்னு அப்பவே சொன்னேம்லா?" என்றார் தேவபிரசாதம், கண்ணை மூடிக்கொண்டு.

சிரிக்கிறீர்கள். சரி. ஆனால் வெள்ளைப் புகை என்று படித்தபோதே உங்கள் மனத்தில் ஒரு நோயின் பெயர் ஓடியதே, அது என்ன? இசக்கியப்பன் காரணத்தைச் சொன்னதும், அந்தப் பெயரைச் சத்தமில்லாமல் மாற்றிக்கொண்டு, 'நானும் இதைத்தான் நினைத்தேன்' என்று தலையாட்டினீர்களே, அதை யாரும் பார்க்கவில்லை என்றா நினைக்கிறீர்கள்? இவ்வளவு நேரமும் இங்கேதானே நின்றீர்கள், ஒரு ஸ்பானர் எடுத்துக் கொடுத்தீர்களா? போகட்டும். உங்கள் சட்டையும் நல்ல வெள்ளை. இப்போது தயவுசெய்து ஓரடி விலகுங்கள். இசக்கியப்பன் ஹேண்டிலைச் சுத்தமாகத் துடைத்துக் கையில் நீட்டிக்கொண்டிருக்கிறார். அந்தோணியம்மாள் உங்களைத் தாண்டித்தான் வர வேண்டியிருக்கிறது.

"புடிங்க அக்கா. ஒங்க லாஞ்சு."